கணினி உலகின் பொது நாணயம்

மனிதன் மனிதனோடு உறவாட மொழியைப் படைத்தான். இயந்திரத்தோடு உறவாடவும் அவனுக்கு ஒரு மொழி வேண்டியதாயிற்று. கணினி தானாக எதனையும் சிந்தித்து அறிவதில்லை. இன்ன எண்ணை எடு, இன்ன எண்ணோடு கூட்டு, விடையை இன்ன இடத்தில் வை என்று படிப்படியாக அதனைப் பணித்தல் வேண்டும். இவ்வாறு பணிக்கும் கட்டளைகளின் கோவையே செய்நிரல் எனப்படும். கணினியின் உள்ளே அமைந்த செயலி அறியும் கட்டளைகள் மிக எளியவை. அவையும் வெறும் எண்களால் ஆனவை. அக்கட்டளைகளின் தொகுதியை அந்த இயந்திரத்தின் தாய்மொழி என்று கொள்ளலாம். இதிலே துன்பம் யாதெனில், ஒருவகைச் செயலியின் தாய்மொழி மற்றொரு வகைச் செயலிக்கு விளங்காது என்பதே.

கணினிகள் வாணிபப் பொருளாக வெளிவந்த தொடக்க ஆண்டுகளில் இக்குறை பெரும் பொருள் விரயத்துக்குக் காரணமாயிற்று. ஒரு நிறுவனம் பழைய கணினியை அகற்றிவிட்டு வேறினக் கணினியொன்றை வாங்கியதும், பலர் பல ஆண்டுகள் முயன்று எழுதிய சம்பளக் கணக்கும் இருப்புக் கணக்கும் பொறியியற் கணிப்பும் பயனற்றுப் போயின. அவற்றை மீண்டும் முதலிலிருந்தே எழுதவேண்டியிருந்தது. இயந்திரம் பழுதடைந்ததனால் அன்று, இயந்திரம் மேம்பட்டதனாலேயே மனித உழைப்பு வீணாயிற்று.

இந்நிலையில், 1957ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் பாக்கஸ் என்பார் தலைமையிலான குழுவினர் போர்ட்ரான் என்னும் மொழியை வெளியிட்டனர். கணித வாய்பாடுகளைப் பெரும்பாலும் மனிதர் எழுதும் முறையிலேயே அம்மொழியில் எழுதலாம். அவ்வாறு எழுதப்பட்டதை இயந்திரத்தின் தாய்மொழிக்கு மாற்றித் தருவதற்கென்று தனியே ஒரு செய்நிரல் இருந்தது. அத்தகைய மாற்றுச் செய்நிரலுக்குத் தொகுப்பி என்று பெயர். போர்ட்ரானைத் தொடர்ந்து வேறு பல மொழிகளும் தோன்றின. விஞ்ஞானிக்கு ஒன்று, வணிகனுக்கு ஒன்று, ஆராய்ச்சியாளனுக்கு ஒன்று என மொழிகள் பெருகின; ஆண்டுதோறும் புதிய இயந்திரங்களும் பெருகின. அப்பெருக்கத்திலிருந்தே புதியதொரு சிக்கல் எழுந்தது.

அச்சிக்கலை விளங்கிக்கொள்வதற்குப் பண்டமாற்று நிலவிய ஒரு சந்தையை மனக்கண் முன் கொண்டுவருதல் தகும். அச்சந்தையிலே நெல், மீன், உப்பு, எண்ணெய், துணி முதலாகப் பத்துப் பண்டங்கள் உள்ளன என்று கொள்வோம். ஒரு மரக்கால் நெல்லுக்கு எத்தனை மீன், ஒரு முழத் துணிக்கு எவ்வளவு உப்பு என்று ஒவ்வோர் இணைக்கும் ஒரு விகிதம் வேண்டும். அவ்வாறு கணக்கிட்டால் 45 விகிதங்கள் தேவைப்படும். பணம் என்ற ஒன்று நடுவே வந்துவிட்டால் பத்து விலைகளே போதும். ஒவ்வொரு பண்டமும் பணத்தோடு மட்டுமே உறவு கொள்கின்றது. மற்றப் பண்டங்களோடு கொள்ளும் உறவு தானே அமைந்துவிடுகின்றது.

கணினி உலகிலும் இதுவே நிகழ்ந்தது. ஐந்து மொழிகளும் நான்கு இயந்திர வகைகளும் இருக்குமாயின், ஒவ்வொரு மொழியும் ஒவ்வோர் இயந்திரத்தில் இயங்குவதற்கு இருபது தொகுப்பிகளை எழுதவேண்டும். ஆறாவதாக ஒரு மொழி பிறந்தால் மேலும் நான்கு; ஐந்தாவதாக ஓர் இயந்திரம் வந்தால் அதற்கும் ஆறு. ஒரு நல்ல தொகுப்பியை ஆக்குவதோ அக்காலத்திற் பலருடைய பல்லாண்டு உழைப்பை விழுங்குவது. நடுவிலே ஒரு பொது இடைமொழியை வைத்தால், ஐந்து மொழிகளிலிருந்து அதற்கு ஐந்து மாற்றிகளும், அதிலிருந்து நான்கு இயந்திரங்களுக்கு நான்கு மாற்றிகளுமாக ஒன்பதே போதும். பெருக்கல் கூட்டலாகிவிடுகின்றது.

இக்கருத்தை முதன்முதலில் விரிவாக முன்வைத்தோர், ஐ.பி.எம். கணினிகளைப் பயன்படுத்தியோர் 1955ஆம் ஆண்டில் அமைத்த ஷெயார் என்னும் சங்கத்தினர் ஆவர். 1958ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் குழுவொன்று, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஓர் இடைமொழியை அமைக்கலாம் என்று எழுதியது. அதற்கு அன்கோல் என்ற பெயரும் இடப்பட்டது. பெயர் இருந்தது, கருத்து இருந்தது, ஆனால் அம்மொழி முழுமையாகச் செயலுருப் பெறவேயில்லை. அக்காலத்து இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டிருந்தன. சில பதின்ம முறையிலும் சில இரும முறையிலும் எண்களைக் கையாண்டன. ஒரே மூச்சில் எடுத்தாளும் எண்ணின் நீளமும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுபட்டது. எல்லா மொழிகளுக்கும் இடமளிக்க முயன்றால் இடைமொழி அளவின்றி விரியும். இயந்திரங்களின் வேகத்தைப் பேண முயன்றால் பொதுமை குன்றும். அன்றியும், இனித் தோன்றவிருக்கும் மொழிகளின் தேவையை முன்கூட்டியே அறிவது யாராலும் இயலாது. எல்லார்க்கும் எல்லாமாக இருக்க முயன்ற அன்கோல் எவருக்கும் எதுவுமாகாமற் போயிற்று.

பின்வந்தோர் சற்று வேறு வழியை நாடினர். பொது மொழியைத் தேடுவதை விடுத்து, ஒரு பொது இயந்திரத்தையே கற்பனையில் அமைத்துக்கொண்டால் என்ன என்று அவர்கள் எண்ணினர். ஓர் இயந்திரம் மற்றோர் இயந்திரத்தைப்போல் நடிக்கவல்லது என்பதை ஆங்கிலேயக் கணித அறிஞராகிய அலன் டியூரிங் 1936ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். ஆகவே உலகில் எங்கும் இல்லாத, தாளிலே மட்டும் வரையறுக்கப்பட்ட ஒரு கணினியை எண்ணிக்கொள்ளலாம். அதன் கட்டளைகள் இவை, நினைவகம் இவ்வாறு அமையும், ஒவ்வொரு கட்டளையும் இன்னது செய்யும் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைக்கலாம். பிறகு ஒவ்வொரு மெய்யான கணினியிலும், அந்தக் கற்பனைக் கணினியைப்போல் நடிக்கின்ற ஒரு சிறு செய்நிரலை எழுதிவிடலாம். தொகுப்பிகள் யாவும் அக்கற்பனைக் கணினியை நோக்கியே மொழிபெயர்த்தாற் போதும். இதுவே மெய்நிகர் பொறி எனப்படுவது. ஒரே பெருங் கணினியைப் பல கணினிகள்போலப் பகுத்துத் தரும் ஏற்பாட்டுக்கும் இப்பெயரே வழங்குகின்றது. அது வேறு, இங்கு விளக்கப்படும் பொறி வேறு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1960களின் பிற்பகுதியில் ஆக்கிய பி.சி.பி.எல். மொழியின் தொகுப்பி, இத்தகைய இடைநிலைக் குறிமுறை ஒன்றின் வாயிலாகவே இயந்திரம் விட்டு இயந்திரம் சென்றது. எனினும் இம்முறையைப் பலரறியச் செய்த பெருமை சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழினுட்பக் கல்லூரியைச் சாரும். அங்கு நிக்லாஸ் விர்த் என்னும் பேராசிரியர் 1970ஆம் ஆண்டில் பாஸ்கல் என்னும் மொழியை வெளியிட்டார். மாணவர்க்குச் செய்நிரலாக்கத்தைச் செம்மையாகக் கற்பிக்கத் தக்கது அம்மொழி. பல நாடுகளிலிருந்தும் அதனை விரும்பிக் கேட்டனர். ஆனால் கேட்டவர் ஒவ்வொருவரிடமும் இருந்த கணினி வெவ்வேறானது. அதனால் விர்த் அவர்களின் குழுவினர் பி-குறிமுறை என்னும் கற்பனைப் பொறியின் கட்டளைத் தொகுதியை அமைத்து, அப்பொறிக்கான தொகுப்பியைப் பலர்க்கும் அனுப்பினர். இந்தியரான கேசவ் நோரியும் அப்பணியிற் பங்குகொண்டவர்களுள் ஒருவர். பெற்றுக்கொண்டவர் செய்யவேண்டியது, பி-குறிமுறையை நடித்துக்காட்டும் சிறு செய்நிரலைத் தம் கணினிக்கென எழுதிக்கொள்வது மட்டுமே.

அக்கற்பனைப் பொறி வேலை செய்யும் விதத்தை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். மூன்றோடு, நான்கையும் ஐந்தையும் பெருக்கிவந்த தொகையைக் கூட்டவேண்டும் என்க. விருந்து நடக்கும் வீட்டிலே கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைப்பதைப்போல, இப்பொறி எண்களை அடுக்கிவைக்கின்றது. மேலே வைத்ததே முதலில் எடுக்கப்படும். முதற் கட்டளை மூன்றை அடுக்கில் வைக்கும். இரண்டாவது நான்கை அதன்மேல் வைக்கும். மூன்றாவது ஐந்தை வைக்கும். நான்காவது கட்டளை, மேலுள்ள இரண்டையும் எடுத்துப் பெருக்கி விடையை மீண்டும் அடுக்கில் வைக்கும். இப்போது அடுக்கில் மூன்றும் இருபதும் உள்ளன. ஐந்தாவது கட்டளை அவ்விரண்டையும் எடுத்துக் கூட்டி, இருபத்து மூன்றை வைக்கும். இதில் எந்த மெய்யான செயலியின் உள்ளமைப்பும் பேசப்படவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அடுக்கில் வைத்தலும் எடுத்தலும் எந்தக் கணினிக்கும் இயலுவன. அடுக்கு முறையைப் பல மெய்நிகர் பொறிகள் மேற்கொண்டமைக்கு இந்த எளிமையே காரணம்.

அமெரிக்காவில், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்திலே, கெனத் போல்ஸ் என்னும் பேராசிரியர் இப்பொறியை மாணவர்க்கான சிறு கணினிகளில் அமைத்தார். 1970களின் பிற்பகுதியில் நுண்கணினிகள் புற்றீசல்போற் பெருகியபோது, அவற்றுட் பல இனங்களில் அவருடைய பி-முறைமை இயங்கியது. 1979ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தின் இரண்டாம் வரிசைக் கணினிக்கும் அது வந்தது. அதே ஆண்டில் வெஸ்டேர்ண் டிஜிட்டல் நிறுவனம் பி-குறிமுறையை நேராகவே இயக்கும் செயலியொன்றை ஆக்கியது. கற்பனையாக இருந்த இயந்திரம், இறுதியில் கண்ணாற் காணத்தக்க இயந்திரமாகவும் ஆகிவிட்டது! 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதற்கென அறிவிக்கப்பட்ட மூன்று பணிசெயல் முறைமைகளுள் பி-முறைமையும் ஒன்று. எனினும் மக்கள் விலை குறைந்த டொஸ் முறைமையையே நாடினர். நடிப்பின் வாயிலாக இயங்குவது நேராக இயங்குவதைவிடப் பன்மடங்கு தாமதமாகும். எல்லாரும் ஒரே வகைக் கணினியை வாங்கத் தொடங்கியபின், எங்கும் செல்லக்கூடிய தன்மைக்கு விலைகொடுப்பார் அருகினர்.

ஆயினும் அத்தன்மையின் உண்மைப் பயன், காலம் செல்லச் செல்லவே புலப்படும். அதற்கு ஒரு விளையாட்டு நிறுவனமே சான்றாகும். 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறுவப்பட்ட இன்போகொம், சொற்களால் விளையாடும் கதை விளையாட்டுகளை விற்றது. அக்காலத்துச் சந்தையில் ஒன்றோடொன்று ஒவ்வாத பல கணினிகள் இருந்தமையால், அது தன் கதைகளை இசட் பொறி என்னும் மெய்நிகர் பொறிக்கென எழுதியது. 1989ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மூடப்பட்டது. அக்கதைகள் ஓடிய கணினிகள் இன்று காட்சிச்சாலைகளில் உள்ளன. ஆனால் ஆர்வமுடையோர் இசட் பொறியின் விதிகளை ஆராய்ந்து எழுதிவைத்தனர். அவ்விதிகளின்படி புதிய கணினிகளிலும் கைப்பேசிகளிலும் அப்பொறியை நடிக்கவைத்தனர். பழைய கதைகள் ஓர் எழுத்தும் மாறாமல் இன்றும் இயங்குகின்றன. இரும்பும் வணிகமும் அழிந்த பின்னும் உழைப்பு நிலைத்தது.

தாமதம் என்னும் குறையைப் போக்க ஒரு வழி பிறந்தது. வேற்றுமொழி நூலொன்றைச் சபையில் வரிவரியாக மொழிபெயர்த்துச் சொல்பவர், அடிக்கடி வரும் பகுதியை ஒவ்வொரு முறையும் புதிதாக மொழிபெயர்க்கமாட்டார். ஒருமுறை எழுதிவைத்துக்கொண்டு படிப்பார். அவ்வாறே, செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொறியின் கட்டளைகளை மெய்யான செயலியின் தாய்மொழிக்கு மாற்றி வைத்துக்கொள்ளும் முறை வகுக்கப்பட்டது. ஸ்மோல்ரோக் என்னும் மொழிக்கு இம்முறையை வெற்றியுடன் கையாண்ட ஆய்வொன்று 1984ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1999ஆம் ஆண்டில் ஜாவா மொழிக்கென வெளியிடப்பட்ட ஹொட்ஸ்பொட் என்னும் பொறி, எப்பகுதி அடிக்கடி இயங்குகின்றது என்பதைத் தானே கவனித்து, அப்பகுதியை மட்டும் நுணுக்கமாக மொழிபெயர்த்தது. இதனால் மெய்நிகர் பொறியின் வேகம் நேரடி இயக்கத்தின் வேகத்தைப் பெரிதும் நெருங்கியது.

ஜாவாவின் வரலாறு 1991ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் என்பார், வீட்டுச் சாதனங்களுக்கான சிறு கணினிகளை இயக்கத்தக்க ஒரு மொழியை அமைத்தார். அச்சாதனங்களின் செயலிகள் பலவகைப்பட்டவை. கோஸ்லிங் மாணவராக இருந்தபோது பி-குறிமுறைச் செய்நிரல்களை வேறொரு கணினிக்கு மாற்றும் வேலையைச் செய்தவர். அந்த அனுபவமே ஜாவாப் பொறிக்கு வித்தாயிற்று. 1995ஆம் ஆண்டில், இணையம் பரவிய வேளையில், ஜாவா உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஒருமுறை எழுதினால் எங்கும் இயக்கலாம் என்பதே அதன் முழக்கம். அறிமுகமற்ற இடத்திலிருந்து வரும் செய்நிரல் கணினிக்குத் தீங்கு விளைக்கலாகாது என்பதற்காக, உள்ளே வரும் கட்டளைகளை முதலிற் சோதித்துப் பார்க்கும் காவலும் அப்பொறியில் அமைக்கப்பட்டது.

ஜாவாப் பொறி ஜாவா மொழிக்கென்றே பிறந்தது. ஆயினும் அது எங்கும் பரவியதைக் கண்ட பிறமொழியாளர் தம் மொழிகளையும் அதில் ஏற்றினர். பைதன் மொழி 1997ஆம் ஆண்டிலேயே ஏறியது. ரூபி மொழியும் பின்னர் ஏறியது. ஸ்காலா, க்ளோஜர், கொட்லின் என்பன அப்பொறியில் வாழ்வதற்கென்றே தோன்றின. இங்கேதான் நாணய உவமையின் மற்றொரு பக்கம் வெளிப்படுகின்றது. ஒவ்வொரு நாணயத்திலும் அதனை வெளியிட்ட அரசனின் முகம் பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மெய்நிகர் பொறியிலும் அதன் முதல் மொழியின் முகம் பதிந்திருக்கும். ஜாவாவிலே ஒரு பெயர் எண்ணைக் குறிக்குமா, சொல்லைக் குறிக்குமா என்பது எழுதும்போதே அறுதியிடப்பட வேண்டும். பைதனிலும் ரூபியிலும் அது ஓடும்போதுதான் தெரியவரும். ஜாவாப் பொறியோ, ஒரு செயலை அழைக்கும்போது அதன் வகைகளை முன்னமே அறிய விரும்பியது. அதனால் பிறமொழிகள் சுற்றுவழியிற் செல்லவேண்டியிருந்தது, வேகமும் குன்றியது. இவற்றின் பொருட்டே 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவாவின் ஏழாம் பதிப்பில் புதிய அழைப்புக் கட்டளை ஒன்று சேர்க்கப்பட்டது. ஜாவா மொழியின் தேவைக்காக அன்றி, விருந்தினராக வந்த மொழிகளுக்காகவே வீட்டில் ஒரு வாயில் திறக்கப்பட்டது எனலாம்.

தொடக்கத்திலேயே பலமொழிகளை எண்ணி அமைக்கப்பட்ட பொறியும் உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட டொட் நெட் என்பதன் பொதுப் பொறி அத்தகையது. அதில் சி ஷார்ப், விஷுவல் பேசிக் முதலிய மொழிகள் ஒரே வகைமுறையைப் பகிர்ந்துகொண்டன. ஒரு மொழியில் எழுதியதை மற்றொரு மொழியிலிருந்து நேராக அழைக்கலாயிற்று. ஆயினும் இதற்கும் ஒரு விலை இருந்தது. பழைய விஷுவல் பேசிக்கைப் பொதுப் பொறிக்கு ஏற்பத் திருத்தியபோது, அது ஏறத்தாழ வேறொரு மொழியாகிவிட்டது. முன்னர் எழுதிய செய்நிரல்களைப் புதிய பதிப்பில் அப்படியே பயன்படுத்த இயலவில்லை. பொதுவிடத்துக்கு வரும் மொழி தன் வழக்கங்களைச் சிறிது இழந்தே வரவேண்டியிருக்கின்றது.

அதே பொறியைப் பற்றி மறுதலையான செய்தியொன்றும் உண்டு. பைதனை ஜாவாப் பொறியில் முதன்முதலில் ஏற்றிய ஜிம் ஹியூகனின் என்பார், டொட் நெட் பொறி பைதன் போன்ற மொழிகளுக்கு ஒவ்வாதது என்று நிறுவும் நோக்குடன் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆனால் எழுதிப் பார்த்தபோது அவருடைய செய்நிரல் எதிர்பாராத வேகத்தில் ஓடியது. மறுக்கப் புகுந்தவர் அதனையே வளர்த்தெடுத்து, அயர்ன்பைதன் என்னும் பெயரில் 2006ஆம் ஆண்டில் அதன் முதற் பதிப்பு வெளிவர வழிசெய்தார். ஒரு பொறியின் தகுதியைக் கருத்தளவில் வாதிட்டு முடிவுசெய்ய முடியாது. கட்டிப் பார்த்தே அறியவேண்டும் என்பதற்கு இது சான்று.

கட்டிப் பார்த்துத் தோற்ற முயற்சியும் அறிவூட்டுவதே. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் தேதி, பேர்ள், பைதன் என்னும் இரு மொழிகளும் இணைந்து பரட் என்னும் ஒரே மொழியாகப் போகின்றன என்று வேடிக்கையாக ஓர் அறிவிப்பு வெளியிடப்பட்டது. பரட் என்றால் ஆங்கிலத்திலே கிளி. அவ்வேடிக்கைப் பெயரையே பின்னர் உண்மையான பொறியொன்றுக்குச் சூட்டினர். வகைகளை ஓடும்போது அறியும் மொழிகள் அனைத்துக்கும் ஒரு பொது இல்லம் அமைப்பதே அப்பொறியின் நோக்கம். பொதுநல ஆர்வலர் பலர் ஆண்டுக்கணக்காக உழைத்தனர். 2009ஆம் ஆண்டில் அதன் முதற் பதிப்பு வந்தது. ஆனால் பைதனோ ரூபியோ தத்தம் சொந்தப் பொறியை விட்டு வரவில்லை. எதற்காக அது முதலில் எண்ணப்பட்டதோ அந்தப் பேர்ள் ஆறாம் பதிப்பே காலப்போக்கில் தனக்கெனச் சிறிய பொறியொன்றை அமைத்துக்கொண்டு விலகியது. எல்லாக் கிளைகளிலும் கூடு கட்ட எண்ணிய கிளி ஒரு கிளையிலும் தங்கவில்லை. அன்கோல் தாளிலே கண்ட தோல்வியைப் பரட் செயலிலே கண்டது. ஒரு மொழிக்கு நன்கு உழைத்து, பிறகு மற்றவற்றுக்கு இடங்கொடுத்த பொறிகள் வாழ்ந்தன. எல்லாவற்றுக்கும் ஒருங்கே பிறந்த இப்பொறி நலிந்தது.

நாணயத்தைப் பற்றிப் பேசும்போது அதனை அச்சிடும் உரிமை யாருக்கு என்ற வினாவும் எழும். பொதுப் பொறி ஒருவருடைய உடைமையாக இருக்குமாயின், அதனை நம்பி எழுதிய அனைவரும் அவருக்கு உட்பட்டவர் ஆவர். 1997ஆம் ஆண்டில், மைக்ரோசொப்ட் தன் ஜாவாவைப் பொதுவிதிக்கு மாறாக அமைத்தது என்று சன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. எங்கும் ஓடும் என்ற வாக்கு ஓரிடத்திற் பொய்த்தாலும் நாணயம் கள்ள நாணயமாகிவிடும் அன்றோ? அவ்வழக்கு 2001ஆம் ஆண்டில் உடன்பாட்டால் முடிந்தது. 2010ஆம் ஆண்டில் சன் நிறுவனத்தை ஓரக்கிள் வாங்கியது. அதே ஆண்டில், அன்ட்ரொயிட் கைப்பேசிகளில் ஜாவாவைத் தழுவியமைக்காகக் கூகிள் மீது வழக்குத் தொடுத்தது. பதினோராண்டுகள் நீடித்த அவ்வழக்கில், கூகிள் செய்தது நியாயமான பயன்பாடே என்று 2021ஆம் ஆண்டில் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளைக் கண்ட உலகம், பொறியின் விதிகளைப் பொதுச்சொத்தாக வைக்கும் தேவையை உணர்ந்தது. டொட் நெட் பொறியின் விதிகள் 2001ஆம் ஆண்டிலேயே நியமமாக வெளியிடப்பட்டிருந்தன. 2006ஆம் ஆண்டு முதல் ஜாவாவின் மூலநிரலும், 2014ஆம் ஆண்டு முதல் டொட் நெட்டின் மூலநிரலும் பொதுவுரிமையின் கீழ் திறக்கப்படலாயின.

இப்பாடங்கள் பலவற்றையும் கற்றுப் பிறந்தது வெப்அசெம்பிளி என்னும் பொறி. இணைய உலாவிகளை ஆக்கும் போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி 2015ஆம் ஆண்டில் இதனை அறிவித்தன. 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் முதன்மையான நான்கு உலாவிகளிலும் அது இடம்பெற்றது. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் நியமமாயிற்று. இதுவும் தட்டுகளை அடுக்கும் பழைய முறையையே தழுவியது. எந்த ஒரு மொழியின் கருத்தையும் உள்ளே வைக்காமல், எண்களும் நினைவகமும் மட்டுமே கொண்ட மிகச் சிறிய பொறியாக அது தொடங்கியது. சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் முதலிய மொழிகள் அதற்கு எளிதிற் பொருந்தின. பயன்படுத்தி முடிந்த நினைவகத்தைத் தாமே துப்புரவு செய்யும் மொழிகளோ, அதற்கான பொறிமுறையையும் மூட்டையாகச் சுமந்து வரவேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு முதல் அவ்வசதியும் உலாவிகளில் இணைக்கப்படலாயிற்று. ஆக, இந்நாணயத்திலும் ஒரு முகம் இருந்தது. அது படிப்படியாகத் திருத்தப்படுகின்றது.

மெய்நிகர் பொறி எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடும் என்று கருதுதல் தவறு. கணக்கு எங்கும் ஒன்றாகவே வரும். ஆனால் திரையும் எழுத்துருவும் கோப்புகள் வைக்கும் இடமும் கணினிக்குக் கணினி மாறுபடும். தமிழெழுத்துகளைக்கொண்டே இதனை உணரலாம். ஜாவா தொடக்கத்திலேயே உலகமொழிகளுக்கான யுனிகோட் முறையை ஏற்றது. ஆதலால் ஒரு தமிழ்ச் சொல் எந்தக் கணினியிலும் ஒரே எண்வரிசையாக நினைவகத்தில் நின்றது. எனினும் "கொ" என்னும் எழுத்திலே மெய்க்கு முன்னும் பின்னும் குறிகள் வரவேண்டும் என்பதைத் திரையிற் காட்டும் ஏற்பாடு கணினியில் இல்லையெனில், எழுத்துகள் சிதறியோ வெற்றுக் கட்டங்களாகவோ தோன்றின. பொருள் பிழையாது சென்றடைந்தது; உருவம் அவ்வவ்விடத்துக் கருவியைப் பொறுத்தது. பொறியின் எல்லை எங்கு முடிகின்றதோ அங்கிருந்து பழைய வேற்றுமை மீண்டும் தொடங்குகின்றது.

1958ஆம் ஆண்டில் கண்ட கனவு முழுமையாக நனவாகிவிட்டது என்று கூற முடியாது. எல்லா மொழிகளுக்கும் எல்லா இயந்திரங்களுக்கும் பொருந்தும் ஒரே பொறி இன்றும் இல்லை. இனியும் தோன்றுமென்று எதிர்பார்த்தற்கில்லை. ஆனால் நன்கு வரையறுத்த சில பொறிகள் நடுவே நின்று பெருக்கலைக் கூட்டலாக்கித் தந்துள்ளன. புதிய மொழியை ஆக்குபவன் உலகிலுள்ள செயலிகளையெல்லாம் கற்கவேண்டியதில்லை; புதிய செயலியை ஆக்குபவன் மொழிகளையெல்லாம் கற்கவேண்டியதில்லை. பெருநிறுவனத்தின் துணையில்லாத தனியொருவன் எழுதும் செய்நிரலும், அவன் கண்டிராத கணினியில், அவன் அறியாத நாட்டில் இயங்கக்கூடும்.

தமிழிலே நாணயம் என்னுஞ் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். பொதுப் பொறிக்கு இவ்விரண்டும் வேண்டும். அதன் விதிகள் மறைவின்றி எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எழுதியவாறே எவ்விடத்தும் நடத்தல் வேண்டும். ஒருவருடைய விருப்புக்காக ஓரிடத்தில் மாறுபடுதல் ஆகாது. அந்த நேர்மை காக்கப்படுமாயின், இன்றைய இயந்திரங்கள் காட்சிச்சாலைக்குச் சென்ற பின்னரும், அவற்றுக்கென மனிதர் சிந்தித்து எழுதியவை அடுத்த தலைமுறையின் இயந்திரங்களில் உயிரோடு உலவும்.